ஒரகடம் போனால் கோவில்பட்டி பக்கமாகிவிடுமா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. கணவரும் நானும் 13 வருஷமாகப் புனேயில் இருக்கிறோம். அவர் சாக்கனில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவு. நான் மென்பொருள் நிறுவனத்தில். கைக்கு வருவது அவருக்கு ரூ.1,10,000, எனக்கு ரூ.85,000. மோஷியில் சொந்த ஃபிளாட், மாதத் தவணை ரூ.38,000, இன்னும் ஏழு வருஷம் கட்ட வேண்டும். மகள் 7-ம் வகுப்பு, மகன் யுகேஜி. இப்போது அவருக்குச் சென்னை அருகே ஒரகடத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது, சம்பளம் ரூ.95,000. “சொந்த மாநிலத்துக்கே போயிடலாம், அம்மாவையும் பக்கத்துல இருந்து பார்த்துக்கலாம்” என்கிறார். அத்தைக்கு 71 வயது. மாமா போனபிறகு கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார், முழங்கால் வலி. புனேக்கு வந்தால் பத்து நாளுக்கு மேல் தங்குவதில்லை. மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. என் வேலையைச் சென்னைக்கு மாற்றித் தருவார்களா என்று தெரியவில்லை. எனக்குப் புனே பிடித்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், அதற்குப் பிறகு கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். நன்மை, தீமை இரண்டையும் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புனே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டுக்குத் திரும்புவதா என்பது ஒன்று. அத்தையை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது இன்னொன்று. உங்கள் கணவர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். நான் முதலில் அதை அவிழ்க்கிறேன்.

ஒரகடத்திலிருந்து கோவில்பட்டி 500 கிலோமீட்டருக்கு மேல். கோவில்பட்டியிலிருந்து திருவனந்தபுரம் இருநூறு சொச்சம்தான். அதாவது, அத்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் குறி என்றால், கேரளத்துக்குப் போவது சென்னைப் பக்கம் போவதைவிட மேல்! திருவனந்தபுரத்தில் உங்கள் துறைக்கு டெக்னோபார்க்கே இருக்கிறது. அங்கே போங்கள் என்று சொல்ல வரவில்லை. “சொந்த மாநிலம்” என்ற சொல் நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்று காட்டத்தான் சொல்கிறேன். ஓசூர்க்காரருக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர்; அவர் சென்னைக்கு வந்து சொந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டால், ஊரிலிருக்கும் அவருடைய அம்மா சிரிப்பார்.

சரி, ஒரகடம் வந்தால் ஒன்றும் லாபமில்லையா? இருக்கிறது. புனேயிலிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறினால் கோவில்பட்டி வந்து சேர முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸையோ முத்துநகர் எக்ஸ்பிரஸையோ பிடித்தால் விடிந்ததும் கோவில்பட்டி. வெள்ளி ராத்திரி கிளம்பி, சனி ஞாயிறு இருந்துவிட்டு, திங்கள் காலையில் வேலைக்கு வந்துவிடலாம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் “மாசம் ரெண்டு தடவை போயிடுவோம்” என்று சொல்லித் திரும்பி வந்த குடும்பங்கள் பல என்னிடம் கணக்குப் பார்க்க வந்திருக்கின்றன. இரண்டாம் வருஷம் அது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாகும். பிள்ளைக்கு சனிக்கிழமை வகுப்பு வரும், ஷிஃப்ட் மாறும், டிக்கெட் கிடைக்காது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டாம் வருஷத்தை வைத்துத்தான் இன்றைக்கு முடிவெடுக்க வேண்டும்.

அத்தையிடம் யாராவது கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. புனேயில் பத்து நாளில் கிளம்பிவிடுகிறவர் சென்னை ஃபிளாட்டில் மட்டும் தங்கிவிடுவாரா? பாஷை தெரிந்த இடம், காய்காரரிடம் பேரம் பேசலாம், கோவிலுக்குத் தனியாகப் போய் வரலாம் என்பதால் பத்து நாள் ஒரு மாதமாக நீளலாம். அதற்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன். அவர் விட்டுவிட்டு வர முடியாதது அவருடைய வீட்டையும் தெருவையும். அது எந்த மாநிலத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

இனி பணத்துக்கு வருவோம். என் தொழில் அதுதான்.

இப்போது இருவர் சம்பளம் ரூ.1,95,000. தவணை போக ரூ.1,57,000 நிற்கிறது. ஒரகடம் போனால் அவருடைய 95,000, உங்கள் 85,000, மோஷி ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் ஒரு 20,000 என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து தவணை 38,000, சென்னைப் பக்கம் நீங்கள் கொடுக்கும் வாடகை 22,000 கழித்தால் ரூ.1,40,000. மாதம் 17,000 குறைகிறது. தாங்கக்கூடியதுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் சம்பளத்தை எழுதிவிட்டேன். அதை அடித்துப் பாருங்கள்: ரூ.55,000 மிஞ்சும். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சாப்பாடு, அத்தையின் வைத்தியம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்த முடிவின் அச்சாணி அவருக்கு வந்த வேலை இல்லை, உங்கள் வேலை. நீங்களோ அதை “மாற்றித் தருவார்களா தெரியவில்லை” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. கணவருக்கு வரும் வேலையை “வாய்ப்பு” என்போம், மனைவியின் வேலையை “பார்த்துக்கலாம்” என்போம். உங்கள் மேலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். இடமாற்றமோ வீட்டிலிருந்து வேலையோ, மின்னஞ்சலில் உறுதி வரட்டும். அது வரும்வரை உங்கள் கணவர் ராஜினாமாக் கடிதம் கொடுக்கக் கூடாது.

மாற்றிக் கொடுத்தாலும், எந்த அலுவலகம் என்று பார்க்க வேண்டும். சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கின்றன. சிறுசேரி என்றால் ஒரகடத்துக்கு நேர் எதிர்த் திசை. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி இந்தப் பக்கம் வீடு எடுத்தால் அவருக்கு வாலாஜாபாத் சாலை, உங்களுக்குக் கேளம்பாக்கம் சாலை. இருவருக்கும் நடுவாக இருக்கும். தெற்கே போகிற பேருந்துகள் 2023 கடைசியிலிருந்து கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன, அதுவும் பக்கம். கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்த வட்டாரம் தோது.

மாநிலம் மாறினால் வரி மாறுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வருமான வரி நாடு முழுக்க ஒன்றுதான். தொழில் வரி ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதமாகப் பிடிப்பார்கள். ஆனால் எங்கே இருந்தாலும் வருஷத்துக்கு ரூ.2,500-ஐத் தாண்டக் கூடாது என்று அரசியல் சாசனமே கட்டிப்போட்டிருக்கிறது. இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

தூக்கம் கெட வேண்டிய இடம் பத்திரப் பதிவு. தமிழ்நாட்டில் வீடு வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு ரூ.5,40,000 அப்படியே போய்விடும். புனேயில் நீங்கள் வாங்கியபோது பதிவுக் கட்டணத்துக்கு ரூ.30,000 என்று உச்சவரம்பு இருந்திருக்கும்; இங்கே அப்படி இல்லை. “வந்ததும் ஒரு வீட்டை வாங்கிப் போட்டுடுவோம்” என்ற பேச்சு வந்தால் தடுத்துவிடுங்கள். ஓர் ஐப்பசி, கார்த்திகை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஒரகடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மலிவாக மனை காட்டுவார்கள். 2015-ல் அடையாறு பொங்கியபோது அந்தத் தெருக்களில் படகு போனதை உள்ளூர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. விற்பவர் மட்டும் மறந்திருப்பார்.

மோஷி ஃபிளாட்டை உடனே விற்காதீர்கள். ஒரு வருஷமாவது வாடகைக்கு விட்டு வையுங்கள். திரும்பிப் போகிற கதவு திறந்திருக்கும். அங்கே 11 மாத ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம், அதைச் செய்துவிட்டே சாவியைக் கொடுங்கள். பிறகு விற்கும்போது வரும் லாபத்தை, விற்ற நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரியில் சலுகை உண்டு. ஆகவே அவசரம் ஒன்றுமில்லை.

கார் வைத்திருந்தால் அது எம்ஹெச் 14 எண்ணாக இருக்கும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, அங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். கார் பழையதென்றால் புனேயிலேயே விற்றுவிடுவது நிம்மதி. கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியல் எல்லாம் ஒரு மாத வேலை. அவற்றையெல்லாம் தீமைகள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மகள் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். உண்மையில் மாநிலம் என்ற கோடு கனமாக விழுவது அவள் மேல்தான்.

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் 8-ம் வகுப்பிலிருந்து 12 வரை இங்கேயே படித்த பிள்ளையிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் (இந்த மாநிலத்துக்காரர் என்பதற்கான சான்று) கேட்பதில்லை. உங்கள் மகள் வரும் ஜூனில் 8-ம் வகுப்புக்குப் போகிறாள். கணக்கு கச்சிதமாக விழுகிறது. இப்போது வராவிட்டால் கதவு மூடிவிடுமா என்றால், இல்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது. பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது இப்படிக் கோவில்பட்டி ஆதாரம் எது கிடைத்தாலும் எடுத்து பத்திரமாக வையுங்கள். அத்தை வீட்டுப் பரணில் நிச்சயம் ஏதாவது இருக்கும்.

இடஒதுக்கீடும் இருக்கிறது. உங்கள் பிரிவு எது என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியவும் வேண்டாம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனவர்களுக்கு, போன இடத்து மாநில அரசின் ஒதுக்கீடு கிடைப்பதில்லை. புனேயில் 13 வருஷம் இருந்தாலும், மகாராஷ்டிரக் கல்லூரியில் உங்கள் மகள் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டில் 69 சதவீத இடங்கள் ஒதுக்கீட்டில் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ் அப்பாவின் ஊரை வைத்து இங்கே கிடைக்கும். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வும் இங்கே இல்லை, பிளஸ் 2 மதிப்பெண் போதும். மருத்துவத்துக்கு நீட் எங்கும் ஒன்றுதான், ஆனால் அரசுக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் அந்தந்த மாநில ஒதுக்கீடு. மகாராஷ்டிரத்தில் அதைக் கேட்க 10-ம் வகுப்பையும் 12-ம் வகுப்பையும் அங்கே முடித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு “அப்போ போயிடலாம்” என்று கிளம்பிவிடாதீர்கள். அவளுக்கு 12 வயது. தமிழ் எழுதத் தெரியாது. தமிழ்நாட்டில் 10-ம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கி 2006-ல் சட்டம் வந்தது. எட்டாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் செய்யுளை மனப்பாடம் செய்யும்போது, உங்கள் பெண் ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் கோடு எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு ஒரு வருஷத்தில் தட்டுத் தடுமாறிப் படிக்க வந்துவிடும், ஆனால் அந்த ஒரு வருஷம் வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவாள். அதுவரை முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த பெண்ணாக இருந்தால் இன்னும் வலிக்கும். சேர்ப்பதற்கு முன் பள்ளியிலேயே கேளுங்கள்: நடுவில் வருகிற பிள்ளைக்குத் தமிழ்ப் பாடத்தில் என்ன செய்வீர்கள், தனியாக யார் சொல்லிக்கொடுப்பார்கள், தேர்வில் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று. “அதெல்லாம் பிக்கப் பண்ணிக்குவாங்க மேடம்” என்பது பதில் என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள். போவதோ இல்லையோ, இன்றைக்கே ‘அ, ஆ’ ஆரம்பித்துவிடுங்கள். அதற்கு மாநிலம் மாறத் தேவையில்லை.

மகனைப் பற்றிக் கவலையே படாதீர்கள். யுகேஜி பிள்ளைக்கு எந்த ஊரும் மூன்று மாதத்தில் சொந்த ஊர்.

மகளை மாற்றுவதென்றால் 8-ல் மாற்றலாம், இல்லையென்றால் 11-ல். 9-லும் 10-லும் கையை வைக்காதீர்கள்.

கையால் எழுதிய கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் ஒன்று கண்ணில் பட்டது. “எனக்குப் புனே பிடித்துவிட்டது” என்ற வரியை அடித்துவிட்டு, மறுபடி அதையே எழுதியிருக்கிறீர்கள். ஏன் அடித்தீர்கள்? 13 வருஷம் வாழ்ந்த ஊர். 560 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரின் சாயங்காலக் காற்று சென்னைப் புறநகரில் சித்திரை மாதம் கிடைக்காது. அங்கே நீங்கள் யாருடைய மருமகளாகவும் இல்லாமல் ஒரு பெண்ணாக நடமாடுகிறீர்கள். அதை நன்மைகள் பக்கம் எழுதக் கூச்சப்படாதீர்கள்.

நானும் ஒன்பது வருஷம் நாக்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவன். வந்த முதல் வருஷம் ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி: “அங்க ஏதும் பிரச்சினையா?” இரண்டாவது வருஷத்திலிருந்து பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. நாக்பூரில் இருந்தவரை “தூரத்துல இருக்கான், பாவம்” என்று விட்டுவிட்டவர்கள், இப்போது ஒரு முகூர்த்தத்துக்குப் போகாவிட்டால் ஆறு மாதம் பேசுவதில்லை. மொய்க்கென்று மாதாந்திரக் கணக்கில் தனி வரி போட வேண்டியதாயிற்று. ஆனால் என் பெரியப்பா இறந்தபோது எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். நாக்பூரில் இருந்த காலத்தில் அப்படி நான்கு பேரைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது. மொய்க் கணக்கை அதற்கு எதிரே வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படியோ, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால் இதுதான். உங்கள் இடமாற்றம் எழுத்தில் வந்து, மகளும் ஒத்துக்கொண்டால், ஒரகடம் போங்கள். அவளுடைய படிப்புக்கு இது நல்ல நேரம். ஆனால் படிப்புக்காகப் போகிறோம் என்றே சொல்லிக்கொண்டு போங்கள். அத்தைக்காகப் போகிறோம் என்று சொன்னால், அவர் தனியாக இருக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் இருவருக்கும் சண்டை வரும். உங்கள் வேலை மாறாதென்றால் போக வேண்டாம்; 11-ம் வகுப்பு வரை நேரம் இருக்கிறது.

அந்த இடைவெளியில் உங்கள் கணவர் தெற்கே தேடட்டும். அவருடைய துறைக்கு இன்று தெற்கு முன்பு மாதிரி வெறுமையாக இல்லை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்தார்கள். திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலை இருக்கிறது, கோவில்பட்டியிலிருந்து நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள். சம்பளம் 95,000-க்கும் குறையலாம். ஆனால் அத்தை வீட்டிலேயே இருந்தால் 22,000 வாடகை இல்லை, ‘பக்கத்துல இருந்து பார்த்துக்கலாம்’ என்றது நிஜமாகும். நீங்கள் அங்கே இருந்து வேலை பார்க்க உங்கள் நிறுவனம் விடுமா என்பதையும் மேலாளரிடம் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஒரகடம் போனால் மாதம் 17,000 குறையும் என்று பார்த்தோமல்லவா? அதை இழக்கத் தயார் என்றால், புனேயில் இருந்துகொண்டே அதே 17,000-ஐ கோவில்பட்டியில் செலவழித்துப் பாருங்கள். வீட்டு வேலைக்கும் ராத்திரித் துணைக்கும் தெரிந்த ஓர் அம்மா, வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், குளியலறையில் கைப்பிடியும் மேற்கத்தியக் கழிப்பறையும். முழங்காலை மதுரையில் ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டியாகிவிட்டதா? 71 வயதில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இன்று சகஜம். அவர் நன்றாக நடக்க ஆரம்பித்துவிட்டால் இந்தக் கேள்வியின் பாதி கரைந்துவிடும்.

பொங்கலுக்குப் போகும்போது அத்தையிடம் உங்கள் கணவர் பேசுவதற்கு முன் நீங்கள் பேசுங்கள். மகனிடம் சொல்லாததை மருமகளிடம் சொல்வார். திரும்பும்போது நேராகப் புனே ரயில் ஏறாமல், தாம்பரத்தில் இறங்கி இரண்டு நாள் இருங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பள்ளி வாசல் பாருங்கள், ஒரு காலை நேரத்தில் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை போய்ப் பாருங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் திறந்த சில நிமிஷத்தில் நிரம்பிவிடும். காலை எட்டு மணிக்குத் தயாராக இருங்கள்.